600013: ராயபுரம் பின்கோடு என்ற எண்ணைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில், எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித் தருகிறேன். பகா எண், காரணி, மீதி என்று பாடம் வரும்போது, அவர்கள் தினமும் முகவரியில் எழுதும் எண்ணையே பலகையில் எழுதிவிடுவேன். பல வருடமாகப் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாக் கணக்கும் கையாலேயே செய்து பார்க்கக்கூடியவை. செய்தும் பாருங்கள்.

பின்கோடு வெறும் அடையாளம்தானே? அதில் கணக்கு பார்ப்பதில் என்ன இருக்கிறது?

அடையாளம்தான். 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் துறை இந்த ஆறு இலக்க முறையைக் கொண்டுவந்தது. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு இருக்கும் மண்டலம். 600 என்றால் சென்னை. கடைசி மூன்று இலக்கம் எந்த அஞ்சலகம் என்று சொல்லும். நம்முடையது 013.

கணக்குக்காக யாரும் இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் வரும் எண்கள் எல்லாம் விடை அழகாக வரவேண்டும் என்று யோசித்து எழுதப்பட்டவை. இது தானாக நம் வாசலுக்கு வந்த எண். இதற்குள் என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதை எப்படி வாசிப்பது?

ஆறு லட்சத்துப் பதின்மூன்று. பழைய தமிழ் எண்குறியில் ௬௱௲௰௩ என்று எழுதலாம்: ஆறு, நூறு, ஆயிரம், பத்து, மூன்று. பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி இருந்ததால் நடுவே பூஜ்யங்களை அடுக்க வேண்டிய தேவையே இல்லை.

600013 பகா எண்ணா?

இல்லை. ஆனால் பகா எண் என்று நம்பவைத்துவிடும். ஒற்றைப்படை, 5இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10, அதனால் 3ஆல் வகுபடாது. 7ஆல் வகுத்தால் மீதி 1. 11ஆல் வகுத்தால் மீதி 7. 13க்கு மீதி 11, 17க்கு 15, 19க்கு 12, 23க்கும் 12. இப்படி 29, 31, 37, 41, 43, 47 வரை ஒன்றும் சிக்காது.

பல வருடத்துக்கு முன் முதல் தடவை இதை வகுப்பில் போட்டபோது நான் 47இல் நிறுத்திவிட்டு "பகா எண்ணாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாவது படித்த ஒரு பெண் மட்டும் நோட்டை மூடவில்லை. "மிஸ், 53 போகுது" என்றாள். போகிறது:

53 × 11321 = 600013

பகா எண்களை வரிசையாக எடுத்தால் 53 பதினாறாவது. பதினைந்து முறை மீதி வந்துவிட்டது என்பதற்காகப் பதினாறாவதை விடக்கூடாது என்று அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு.

11321ஐ இன்னும் உடைக்க முடியுமா? அதன் வர்க்கமூலம் 106ஐக் கொஞ்சம் தாண்டும். ஆகவே 103 வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது, 11321 பகா எண். அதனால் 600013க்கு வகுத்திகள் நான்கே: 1, 53, 11321, 600013.

எங்கே நிறுத்தலாம் என்று எப்படித் தெரியும்?

வர்க்கமூலம் வரை. ஒரு எண் இரண்டு காரணிகளாக உடைந்தால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாது. பெருக்கினால் அந்த எண்ணைத் தாண்டிவிடும். 774இன் வர்க்கம் 599076, 775இன் வர்க்கம் 600625. ஆகவே ஆறு லட்சத்தை ஒட்டிய எந்த எண்ணுக்கும் 773 வரை உள்ள பகா எண்கள் போதும். அவை மொத்தம் 137.

137 முறை வகுப்பதா என்று மலைக்க வேண்டாம். பெரும்பாலான எண்கள் சீக்கிரமே உடைந்துவிடும். அடம்பிடிப்பவை சிலதான்.

பக்கத்துப் பகுதிகளின் எண்கள் எப்படி?

பிள்ளைகள் ஆவலாகக் கேட்பது இதைத்தான். வண்ணாரப்பேட்டை 600021: இலக்கங்களின் கூட்டுத்தொகை 9, அதனால் 9ஆல் வகுபடும் என்று பார்த்தவுடனே சொல்லலாம். முழுதாக உடைத்தால் 3 × 3 × 3 × 71 × 313. வியாசர்பாடி 600039, அதுவும் 9ஆல் வகுபடும். திருவொற்றியூர் 600019 என்பது 7 × 85717. பாரிமுனைப் பக்கம் 600001, அது 19 × 23 × 1373.

பெரம்பூர் 600011 பகா எண். 137 முறையும் வகுத்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 600001 முதல் 600042 வரை உள்ள நாற்பத்திரண்டு எண்களில் பகா எண் இது ஒன்றுதான். பெரம்பூரிலிருந்து வரும் ஒரு பையன் இதைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்டினான். தட்ட வேண்டியதுதான்.

இந்த அளவில் பகா எண்கள் அவ்வளவு அரிதா?

சராசரியாகப் பதின்மூன்றுக்கு ஒன்று கிடைக்கும். எண் பெரிதாக ஆகப் பகா எண்களின் அடர்த்தி அதன் இயல் மடக்கைக்கு (கால்குலேட்டரில் ln; 2.718...ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் அந்த எண் வரும் என்பது) தலைகீழாகக் குறைகிறது. 600013இன் இயல் மடக்கை ஏறத்தாழ 13.3. அப்படிப் பார்த்தால் முதல் நாற்பத்திரண்டில் மூன்று வந்திருக்கலாம், ஒன்றுதான் வந்தது. சராசரி என்றால் ஒவ்வொரு இடத்திலும் அப்படியே வரும் என்று பொருள் இல்லை.

நான்கு வகுத்திகள் மட்டும் என்பது குறைவு இல்லையா?

முந்தைய எண்ணைப் பாருங்கள். 600012 = 2² × 3² × 7 × 2381. அதற்கு 36 வகுத்திகள். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களில் ஒன்றுக்கு 36, இன்னொன்றுக்கு 4. ஒரே திண்ணைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வீடு, ஒன்றில் பெரிய கூட்டுக்குடும்பம், மற்றதில் நாலே பேர் என்பது மாதிரி.

ஆறு லட்சத்துக்குள் வகுத்திகளில் முதலிடம் 554400க்கு. அதற்கு 216 வகுத்திகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படி முந்தைய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் முந்தும் எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் ஒரு பெரிய கட்டுரையே எழுதினார். 1917இல் அவரும் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியும் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார்கள்: வழக்கமான ஒரு எண்ணுக்கு எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்றால், அதன் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை எடுத்தால் வரும் அளவுக்கு. நம் எண்ணுக்கு அது 2.6 வாக்கில் வருகிறது. நமக்கு இருப்பது இரண்டு. ஆக ராயபுரம் எண் இந்த விஷயத்தில் மிகச் சாதாரணமான எண்.

அப்படியானால் இதில் சிறப்பாக எதுவுமே இல்லையா?

இருக்கிறது. இந்த எண்ணை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே இதற்காகத்தான்.

மார்கழியில் போடும் சதுரப் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 15 புள்ளி 15 வரிசை என்றால் 225 புள்ளி. இப்போது கையில் சரியாக 600013 புள்ளிக்கு மாவு இருக்கிறது. ஒரு புள்ளிகூட மிஞ்சாமலும் குறையாமலும் இரண்டு சதுரக் கோலம் போட முடியுமா?

முடியும். 723 புள்ளி 723 வரிசையில் ஒன்று, 278 புள்ளி 278 வரிசையில் ஒன்று.

723² + 278² = 522729 + 77284 = 600013

அழித்துவிட்டு வேறு மாதிரியும் போடலாம்:

618² + 467² = 381924 + 218089 = 600013

இந்த இரண்டு வழிதான், மூன்றாவது கிடையாது. பெரம்பூரின் 600011 பகா எண்ணாக இருந்தும் ஒரு வழியில்கூட இப்படி எழுத முடியாது.

ஏன் முடியாது? எல்லா எண்ணையும் இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க முடியாதா?

நான்கால் வகுத்து மீதியைப் பாருங்கள். இரட்டைப்படை எண்ணின் வர்க்கத்தை 4ஆல் வகுத்தால் மீதி 0. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்துக்கு மீதி 1. இரண்டு வர்க்கங்களைக் கூட்டினால் மீதி 0, 1, 2 ஆகத்தான் வரும். 3 வரவே வராது. 600011ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. அவ்வளவுதான், கதவு மூடிவிட்டது. திருவொற்றியூரின் 600019க்கும் இதே கதி.

மீதி 1 வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. பாரிமுனையின் 600001க்கு மீதி 1தான். ஆனால் அதன் காரணிகள் 19, 23 இரண்டுக்கும் மீதி 3, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிறது. அப்படி மீதி 3 தரும் பகா எண் ஒற்றைப்படைத் தடவை வந்தாலே காரியம் கெட்டுவிடும். நம் எண்ணின் இரண்டு காரணிகளையும் பாருங்கள்: 53க்கு மீதி 1, 11321க்கும் மீதி 1. இரண்டுமே நல்ல பிள்ளைகள்.

மீதி 1 தரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டாக ஒரே ஒரு வழியில் எழுதலாம் என்று பிரான்சின் ஃபெர்மா 1640இல் சொன்னார். நிரூபணம் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஆய்லரிடமிருந்து வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. இங்கே 53 = 2² + 7². 11321 = 64² + 85². இந்த இரண்டாவதைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி தேடாமல் 106இலிருந்து கீழே இறங்கி ஒவ்வொரு வர்க்கமாகக் கழித்துப் பார்க்கச் சொல்வேன். 85இல் கழித்து 4096 வந்ததும், அது 64இன் வர்க்கம் என்று அறையில் நாலைந்து பேர் ஒன்றாகக் கத்துவார்கள்.

ஒரு வழி இல்லாமல் இரண்டு வழி எப்படி வந்தது?

இரண்டு காரணிகள் இருப்பதால். 2, 7 என்று ஒரு வரி, அதன் கீழே 85, 64 என்று ஒரு வரி எழுதுங்கள். நேராகப் பெருக்கினால் 2 × 85 = 170, 7 × 64 = 448. குறுக்காகப் பெருக்கினால் 2 × 64 = 128, 7 × 85 = 595.

நேர்ப் பெருக்கல்களைக் கழியுங்கள்: 278. குறுக்குப் பெருக்கல்களைக் கூட்டுங்கள்: 723. முதல் கோலம் வந்துவிட்டது. இப்போது மாற்றிச் செய்யுங்கள். நேர்ப் பெருக்கல்களைக் கூட்டினால் 618, குறுக்கைக் கழித்தால் 467. இரண்டாவது கோலம்.

இந்தக் குறுக்குப் பெருக்கலின் இதைவிடப் பொதுவான வடிவத்தைப் பழைய இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் எழுதிவிட்டார். ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து வந்த ஒரு பின்கோடு அதில் போய் அப்படியே உட்காருவதை ஒவ்வொரு தடவை பலகையில் எழுதும்போதும் எனக்கு மேனி சிலிர்க்கிறது.

கோலத்திலிருந்து காரணிக்குத் திரும்பி வர முடியுமா?

முடியும், இது ஆய்லரின் உபாயம். 53 என்று தெரியாமல் இரண்டு கோலமும் மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப்படைகளைக் கழியுங்கள்: 723 − 467 = 256. இரட்டைப்படைகளைக் கழியுங்கள்: 618 − 278 = 340. இந்த இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) 4. அதால் வகுத்தால் 64, 85. வர்க்கங்களைக் கூட்டினால் 11321 வந்து நிற்கும்.

கழிப்பதற்குப் பதில் கூட்டினால் 1190, 896. மீ.பொ.வ. 14. 4இல் பாதி 2, 14இல் பாதி 7. 2² + 7² = 53. பதினாறு முறை வகுக்காமலேயே காரணி கிடைத்துவிட்டது. ஆனால் கோலம் இரண்டும் முதலில் கையில் இருக்க வேண்டும், அதைத் தேடுவதும் லேசான வேலை இல்லை.

பிதாகரஸ் தேற்றத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

உண்டு. 723, 278 இரண்டையும் கூட்டினால் 1001, கழித்தால் 445. பெருக்கினால் 445445. பிறகு 723 × 278ஐ இரட்டித்தால் 401988. ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கம் இவை என்றால், கர்ணம் சரியாக 600013. அடுத்த கோலத்திலிருந்து 163835, 577212 என்று இன்னொரு முக்கோணம். 28, 45, 53 என்ற சின்ன முக்கோணத்தை 11321 மடங்கு பெரிதாக்கினால் மூன்றாவது. 3129, 10880, 11321 என்பதை 53 மடங்காக்கினால் நான்காவது. கர்ணம் 600013 ஆக வரும் முழு எண் முக்கோணங்கள் இந்த நான்குதான்.

இப்படி இரண்டு வர்க்கமாகப் பிரியும் எண்கள் எவ்வளவு இருக்கும்? ராமானுஜன் இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?

சொல்லியிருக்கிறார், அதுவும் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்தார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வரி: வர்க்கமாகவோ இரண்டு வர்க்கங்களின் கூட்டாகவோ இருக்கும் எண்கள் எத்தனை என்பதற்கு ஒரு சூத்திரம், அதில் 0.764 என்று தொடங்கும் ஒரு மாறிலி.

ஜெர்மனியின் லாண்டாவ் 1908இலேயே இதை நிரூபித்திருந்தார். அது ராமானுஜனுக்குத் தெரியாது, தானாகக் கண்டுபிடித்தார். தன் சூத்திரத்தின் பிழை மிகச் சிறியது என்று அவர் நினைத்தது சரியில்லை என்பது பிற்பாடு தெரிந்தது. மாறிலி சரி. இன்றைக்கு அதற்கு லாண்டாவ்–ராமானுஜன் மாறிலி என்றே பெயர்.

அந்தச் சூத்திரத்தில் நம் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மாறிலியை, எண்ணின் இயல் மடக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நம் எண்ணின் இயல் மடக்கை 13.3, அதன் வர்க்கமூலம் 3.65. 0.764ஐ அதால் வகுத்தால் சுமார் 0.21. ஆக ஆறு லட்சம் வரையிலான எண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான் இப்படிப் பிரியும். ராயபுரம் அந்த ஐந்தில் ஒன்று. 600013ஐ அவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை, பின்கோடு வர இன்னும் அறுபது வருடம் இருந்தது. ஆனாலும் துறைமுக மதிலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்த வரி ஞாபகம் வரும்.

ராயபுரத்திலேயே ராமானுஜன் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் 1993இல் உருவாக்கியது. பிள்ளைகளை ஒரு தடவையாவது கூட்டிப்போங்கள்.

இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?

600013 வராது. மீதி, காரணிப்படுத்தல், மீ.பொ.வ., பிதாகரஸ் எல்லாம் வரும்.

13இல் முடிகிறதே, ராசியில்லாத எண்ணா?

இல்லை. 13ஆல் வகுத்தால் மீதி 11. அந்த எண்ணுக்கும் 13க்கும் இருக்கும் உறவு அவ்வளவுதான்.

இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்பதால் ஏதாவது உபயோகம் உண்டா?

இணையத்தில் ரகசியம் காக்கப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை இந்த வகை எண்ணை நம்பித்தான் நிற்கிறது. 53ஐயும் 11321ஐயும் பெருக்க அரை நிமிடம் போதும். 600013ஐக் கொடுத்து உடைக்கச் சொன்னால் அரை மணி ஆகிறது. எண் பெரிதாக ஆக இந்த இடைவெளி பயங்கரமாக விரிகிறது. இப்படி அமைந்த 250 இலக்க எண் ஒன்றை 2020இல்தான் உடைத்தார்கள், அதுவும் ஏராளமான கணினிகளைச் சேர்த்து ஓடவிட்டு. உண்மையில் பயன்படும் எண்கள் அதைவிட நீளம்.

நான் தண்டையார்பேட்டை. என் எண்ணை எப்படிச் சோதிப்பது?

600081. முதலில் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 15. 3ஆல் போகும், 9ஆல் போகாது. வகுத்தால் 200027. இதன் வர்க்கமூலம் 447ஐத் தாண்டும், ஆகவே 443 வரை உள்ள பகா எண்களைத் தயாராக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5இலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வகுங்கள். நோட்டில் மீதியையும் பக்கத்தில் எழுதுங்கள். தப்பு நேர்ந்தால் எங்கே என்று திரும்பிப் பார்க்கலாம். 103இல் மீதி 1 வரும், 127இல் மீதி 2 வரும், கிட்டே வந்துவிட்டது போல இருக்கும். அதற்கெல்லாம் பொருள் இல்லை, தொடர்ந்து போங்கள். அறுபத்தாறாவது பகா எண்ணான 317இல் போகிறது. 317 × 631 = 200027. 631 இன்னும் உடையுமா என்று பார்க்க 23 வரை வகுத்தால் போதும், உடையாது.

ஆக 600081 = 3 × 317 × 631. இதை இரண்டு சதுரக் கோலமாகப் போட முடியுமா என்றால் முடியாது. 3 ஒரே ஒரு முறை வந்து நிற்கிறது.